வைகறையை அறிவித்த விழியிலார்

ரமளான் மாதத்துப் பின்னிரவு. மதீனத்துப் பள்ளிவாசலிலிருந்து முதலில் எழுவது பிலால் (ரலி) அவர்களின் குரல். அதைக் கேட்டு உறங்குவோர் விழித்தெழுவர். தொழுது நிற்போர் ஸஹர் உணவுக்குத் திரும்புவர். அந்தக் குரலுக்காக எவரும் உணவை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டாவது குரல் எழும்வரை உண்ணலாம், பருகலாம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த முறை. அவ்விரண்டாவது குரல் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுடையது. அது எழுந்துவிட்டால் இரவு முடிந்தது, நோன்பு தொடங்கிற்று என்று பொருள்.

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களோ பார்வையற்றவர். கிழக்கு வெளுப்பதை அவர்கள் காண இயலாது. விடிந்துவிட்டது என்று அருகிலிருப்போர் சொன்ன பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்று புகாரி ஷரீபில் பதிவாகியிருக்கிறது.

நோன்பு மாதத்தில் ஓர் ஊர் முழுவதற்கும் வைகறையை அறிவிக்கும் பொறுப்பு, வைகறையையே கண்டிராத ஒருவரிடம் தரப்பட்டிருந்தது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரக்கத்தினால் தந்த பதவி இது என்று கொள்வதற்கில்லை. இரக்கப்படுவதற்கு வேறு வழிகள் இருந்தன; பைத்துல் மாலிலிருந்து உதவித்தொகை தந்திருக்கலாம், பள்ளிவாசலில் ஓரிடம் ஒதுக்கியிருக்கலாம். இங்கே தேவைப்பட்டது, பிலாலின் குரலோடு மயங்காத இன்னொரு குரல். உறுதியாகத் தெரிந்தாலன்றி வாய் திறவாத ஒரு நாவு. இவ்விரண்டும் அவர்களிடம் இருந்தன. வானத்தைப் பார்ப்பதற்கோ எந்தச் சிறுவனும் போதும். இல்லாத ஒன்றை அருகிலிருந்தவர்கள் கொடுத்தார்கள். இருந்ததை ஊர் முழுவதும் எடுத்துக் கொண்டது.

நம்முடைய இல்லங்களில் வழக்கம் வேறாக இருக்கிறது. கண் தெரியாத, காது கேளாத, கால் ஊன்ற முடியாத ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் “பாவம்” என்னும் ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அச்சொல்லுக்குப் பின் எந்தக் கேள்வியும் பிறப்பதில்லை. அப்பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன வரும், எதில் விருப்பம் என்று கேட்பாரில்லை. ஊனமுற்றோர் என்ற சொல் மாறி மாற்றுத் திறனாளிகள் என்ற சொல் இன்று வழக்கிற்கு வந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். அரபு மொழியினரும் கண்ணில்லாதவரைப் ‘பஸீர்’, அதாவது பார்வையுடையவர், என்று மங்கல வழக்காக அழைத்தார்கள். சொல்லை மாற்றுவது எளிது. திறனைத் தேடிப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகும் மீதமிருக்கிறது. அவ்வேலையை நம் முன்னோர் எங்கெங்கே செய்தார்கள், எங்கே தவறவிட்டார்கள் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடமிருந்தே தொடங்குவோம். மக்காவில் குறைஷித் தலைவர்கள் சிலரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்த வேளையில் அவர்கள் இடையே வந்து பேசியதும், பெருமானாரின் முகம் சற்றே சுளித்ததும், அதுபற்றித் திருமறையின் 80ஆம் அத்தியாயம் இறங்கியதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. அவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் ஏழை எளியோரிடம் அன்பு காட்ட வேண்டும் என்பதற்குச் சான்றாக எடுத்துச் சொல்கிறோம். திருமறையோ அதற்கும் மேலான ஒன்றைச் சுட்டுகிறது. வந்தவர் பிச்சை கேட்க வரவில்லை. கல்வி கேட்க வந்தார். அவர் தூய்மை பெறக்கூடும், அறிவுரை அவருக்குப் பயன்படக்கூடும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம்.

பயன்பட்டது என்பதற்கு மதீனாவே சாட்சி. பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்வதற்கு முன்பே அந்நகருக்குச் சென்று மக்களுக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி). மற்றவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி). பின்னர், போர்களுக்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஊரைவிட்டுச் செல்லும்போது, தம்முடைய இடத்தில் இருந்து தொழவைக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துச் சென்றதுண்டு. 13 முறை அவ்வாறு ஒப்படைத்ததாக எழுதிய வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட இடம் இன்னொன்று. அறப்போருக்குச் செல்லாமல் தங்கியவர்களும் சென்றவர்களும் சமமாக மாட்டார்கள் என்ற வசனம் இறங்கியபோது, தம்மைப் போன்றோர் நிலை என்ன என்று அவர்கள் முறையிட்டார்கள். உடற்குறை உடையோருக்கு விலக்களிக்கும் சொற்கள் அவ்வசனத்தில் சேர்ந்து இறங்கின. விலக்குக் கிடைத்துவிட்டது. வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் பிற்காலத்தில் போர்க்களத்திற்குச் சென்றார்கள். கொடியைத் தம்மிடம் தரும்படியும், கண்ணில்லாத தம்மால் தப்பியோட முடியாது என்றும் கேட்டார்களாம். கி.பி. 636ஐ ஒட்டி நடந்த காதிஸிய்யாப் போரில், கவசம் அணிந்து கறுப்புக் கொடியைத் தாங்கி நின்ற அவர்களைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கொடி பிடிப்பவனுக்கு வேண்டியது நின்ற இடத்தில் நிற்பது. தம்மிடம் அது உண்டு என்பதைத் தாமே கண்டறிந்து, தாமே கேட்டுப் பெற்ற பெருந்தகை அவர்கள்.

இந்த முன்மாதிரி வீண் போகவில்லை. உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (705-715) பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும், நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும் அமர்த்தினார் என்று தபரீ எழுதுகிறார். இதை வெறும் தருமம் என்று நான் எண்ணவில்லை. வழிகாட்டி ஒருவன் கிடைத்தால் பார்வையற்றவன் பாடசாலைக்குப் போகலாம், கடைத்தெருவுக்குப் போகலாம். பள்ளிவாசல் வாசற்படியில் அமர்ந்திருப்பவனுக்கு நாணயம் போடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

அதே உமையாக்கள் காலத்தில் மக்காவின் ஃபத்வாப் பீடத்தில் இருந்தவர் அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்). விடுதலை பெற்ற அடிமை மரபினர், கறுத்த நிறத்தினர், ஒரு கண் இல்லை, ஒரு கை செயலிழந்தது, காலும் ஊனம், முதுமையில் எஞ்சிய கண்ணும் போயிற்று. ஹஜ்ஜுக் காலத்தில் அதாவைத் தவிர வேறெவரும் மார்க்கத் தீர்ப்பு வழங்கக் கூடாது என்று அரசு முரசறைந்து அறிவித்ததாம். கலீஃபா சுலைமான் தம் மக்கள் இருவருடன் ஹஜ்ஜின் சட்டங்களைக் கேட்க வந்தபோது அதா தொழுகையில் இருந்தார்; கலீஃபா காத்திருந்தார். கேட்டுத் தெரிந்து கொண்டு எழுந்தவர், கல்வியை ஒருபோதும் கைவிடாதீர்கள் என்று மக்களுக்குச் சொன்னாராம். அதோடு, இந்தக் கறுப்பு அடிமையின் முன் நாம் தாழ்ந்து நின்றதை மறக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார் என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுவது வழக்கம். திறனுக்குத் தலைவணங்கிய அந்த மனத்திற்குள்ளும் செருக்கு மிச்சம் இருந்தது. வரலாற்றை உள்ளபடி சொல்வதே முறை.

பஸராவின் கதாதா பிறவியிலேயே பார்வையற்றவர். திருமறை விரிவுரையில் பெரும்பெயர் பெற்றவர். மதீனத்து ஸயீத் இப்னுல் முஸய்யிபிடம் நாட்கணக்கில் தங்கி அவர் கேட்ட கேள்விகளுக்கு முடிவேயில்லை. உன் கேள்விகளால் என்னிடமிருந்ததையெல்லாம் இறைத்துவிட்டாய், இனிப் புறப்படு என்று ஆசிரியர் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது! பஸராவில் அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த ஜாஹிஸ், வெண்குட்டம் உடையோர், முடவர், குருடர், மாறுகண்ணர் ஆகியோரைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார்.

ஸ்பெயினுக்கு வருவோம். முர்ஸியா நகரத்து இப்னு ஸீதா (இறப்பு 1066) பார்வையற்றவர். அவருடைய தந்தையாரும் பார்வையற்றவர். தந்தை மகன் இருவருமே மொழி வல்லுநர்கள். அபூ உமர் தலமன்கீ என்னும் பேரறிஞர் அந்நகருக்கு வந்தபோது, அருஞ்சொல் நூல் ஒன்றைப் பாடம் கேட்க மக்கள் அவரை நெருக்கினார்கள். நூலை வாசிக்க ஒருவரை அழைத்து வாருங்கள், நான் என் பிரதியை வைத்துச் சரிபார்க்கிறேன் என்றார் அவர். மக்கள் அழைத்து வந்ததோ கண்ணில்லாத ஓர் இளைஞரை. அவர் அந்தப் பெருநூலை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகவே சொல்லி முடித்தார். பிற்காலத்தில் அவர் ஆக்கிய ‘அல்முகஸ்ஸஸ்’ என்னும் பொருள்வழி அகராதி கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 17 பாகங்களாக வெளிவந்தது. குதிரையின் உறுப்புகள், வாளின் வகைகள், விண்மீன்கள், மேகங்கள் எனக் கண்ணால் காணும் பொருள்களுக்கான சொற்கள் அதில் மண்டிக் கிடக்கின்றன. அவருடைய இன்னோர் அகராதியான ‘அல்முஹ்கம்’, அரபு மொழியின் பேரகராதியாகிய ‘லிஸானுல் அரப்’ நூலுக்கு அடிப்படையாக நின்ற ஐந்து நூல்களுள் ஒன்று. இன்று அரபுச் சொல் ஒன்றுக்குப் பொருள் தேடும் நம் ஆலிம்கள், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பார்வையற்றவரின் கையைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள்.

புலமையைப் பாராட்டுவதில் எவருக்கும் தடை இருக்கவில்லை. பதவி என்று வரும்போதுதான் கேள்வி எழுந்தது. பார்வையற்றவர் நீதிபதியாக இருக்கலாமா?

டமாஸ்கஸில் ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஆட்சியில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் நேரில் வந்து நின்றது. அந்நகரின் காழியாக இருந்த இப்னு அபீ அஸ்ரூன், இறப்பதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் கண்ணொளியை இழந்தார். ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞர் அவர். ஆனால் காழிக்குப் பார்வை வேண்டும் என்பதே அந்த மத்ஹபில் பெரும்பாலோர் கொண்ட முடிவு. வழக்காடுவோரில் முறையிட்டவர் யார், மறுப்பவர் யார் என்று பிரித்தறிய முடியாதே என்பது அவர்கள் சொன்ன காரணம். இப்னு அபீ அஸ்ரூன் வாய்மூடி இருக்கவில்லை. பார்வையற்றவர் தீர்ப்பு வழங்குவது செல்லும் என்று தாமே ஒரு சிறுநூல் எழுதினார். தம் சொந்த மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராக, தம் சொந்த வழக்கைத் தாமே நடத்திய காழி அவர்!

ஸுல்தானுக்குத் தர்மசங்கடம். தம் அமைச்சர் காழி அல்ஃபாழிலுக்கு இதுபற்றி எழுதி ஆலோசனை கேட்டார். முடிவில், தந்தையைப் பதவியிலிருந்து நீக்காமல், அவருடைய மகன் முஹ்யித்தீன் அவருக்குப் பதிலாளாக இருந்து வழக்குகளைக் கவனிப்பது என்று ஏற்பாடாயிற்று. 1189இல் அவர் வஃபாத்தானார். ஸுல்தானின் பண்பாட்டை நான் மதிக்கிறேன். ஒரு முதியவரின் மனம் நோகாமல் காரியத்தை முடித்தார். ஆனால் இப்னு அபீ அஸ்ரூன் கேட்டது மரியாதையை மட்டுமன்று; தம் அறிவு குறைந்துவிடவில்லை என்ற ஒப்புதலைக் கேட்டார். அதை அந்த ஏற்பாடு தரவில்லை. அன்பின் பெயரால் வேலையைப் பறித்துக் கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களிலும் உண்டு. அதைப் பட்டவர்களுக்கு இது புரியும்.

அந்தக் காழி அல்ஃபாழில் கெய்ரோவில் ஒரு மதரஸா கட்டினார். அதில் திருக்குர்ஆனின் ஓதல் முறைகளைக் கற்பிக்க அவர் அமர்த்தியவர் ஸ்பெயினிலிருந்து வந்த இமாம் ஷாத்திபீ. அவரும் பார்வையற்றவர். ஏழு கிராஅத்துகளின் நுட்பங்களையும் 1173 அடிகளில் அடக்கி அவர் பாடிய ‘ஹிர்ஸுல் அமானீ’ என்னும் நூலை, கிராஅத் கலையைப் பயிலும் மாணவர்கள் இன்றும் உலகெங்கும் மனனம் செய்கிறார்கள்.

பார்வையற்றவர் ஆளை அடையாளம் காண முடியாது என்ற வாதத்திற்குப் பக்தாதில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் நடந்த நிகழ்ச்சியே விடை சொல்லும். அங்கே ஸைனுத்தீன் ஆமிதீ என்ற ஹன்பலி அறிஞர் வாழ்ந்தார். இளமையிலேயே கண் இழந்தவர். மங்கோலிய மன்னன் காஸான் கி.பி. 1295இல் இஸ்லாத்தைத் தழுவி, மறு ஆண்டில் பக்தாதுக்கு வந்தபோது அவரைப் பற்றிக் கேள்விப்பட்டான். முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் சந்திப்பு ஏற்பாடாயிற்று. மன்னன் சோதிக்க விரும்பினான். தன் தளபதிகளை ஒருவர்பின் ஒருவராக முன்னே அனுப்பி, ஒவ்வொருவரையும் ‘இவரே ஸுல்தான்’ என்று சொல்லச் செய்தான். ஆமிதீ ஒவ்வொருவருக்கும் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு அசையாமல் இருந்தார். இடையே மன்னன் வந்து கைகொடுத்தான். கையோடு கை பட்டதும் ஆமிதீ எழுந்து நின்று, மங்கோலியம், துருக்கி, பாரசீகம், ரூமி, அரபு ஆகிய மொழிகளில் உரத்த குரலில் அவனுக்காக துஆ செய்தார். அரசன் நுழையும்போது அவையில் இருப்போரின் மூச்சு அடங்குவதைக் கண்ணுடையோர் கவனிப்பதில்லை. அதைத்தான் அவர் கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

ஆமிதீயின் பிழைப்பு புத்தக வாணிகம். வீடு நிறைய நூல்கள். எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கையால் தடவியே இத்தனை பாகம், பக்கத்துக்கு இத்தனை வரி என்று சொல்லிவிடுவார். விலையை நினைவில் வைப்பதற்கு அவர் ஒரு வழி கண்டார். நாம் கடிதத் தலைப்பில் பிஸ்மில்லாவுக்கு ஈடாக 786 என்று எழுதுகிறோமே, அந்த அப்ஜத் கணக்கில் ஒவ்வொரு அரபு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஆமிதீ ஒரு நூலை வாங்கியதும் மெல்லிய தாளை நூல்போல் முறுக்கி, விலைக்குரிய எழுத்தாக வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடுவார். விலை மறந்தால் அவ்விடத்தை விரலால் தடவிப் பார்ப்பார், எழுத்து கைக்குத் தட்டுப்படும், விலை தெரிந்துவிடும்.

பிரான்ஸ் நாட்டு லூயி பிரெயில் புள்ளியெழுத்து முறையை 1824இல் வகுத்தார். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நம்மவர் சிலர் பெருமையோடு எழுதுவதைப் பார்க்கிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆமிதீ செய்தது நூல் படிக்கும் முறையன்று, விலைக்குறி. ஒரு வணிகர் தம் கடைக்குத் தாமே செய்துகொண்ட வசதி. அதை இன்னொருவர் எடுத்து வளர்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. பார்த்தவர்கள் வியந்தார்கள், வியப்போடு நிறுத்திக் கொண்டார்கள்.

ஆமிதீயின் செய்தியை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் கலீல் இப்னு ஐபக் ஸஃபதீ. பாலஸ்தீனத்து ஸஃபத் ஊரில் பிறந்து, அரசு அலுவலகங்களில் எழுத்தராகப் பணிபுரிந்து, 1363இல் டமாஸ்கஸில் கொள்ளைநோயில் மறைந்தவர். பார்வையற்ற புகழாளர் 300 பேருக்கு மேற்பட்டோரின் வரலாற்றை அகர வரிசையில் தொகுத்து ஒரு நூல் செய்தார். கெய்ரோவில் 1911இல் அது அச்சேறியது. ஒரு கண் உடையோருக்கென்று தனியாக இன்னொரு நூலும் எழுதினார். ஆசிரியர் யார், மாணவர் யார், இயற்றிய நூல்கள் எவை என்று கண்ணுடைய அறிஞர்களுக்கு எழுதும் அதே முறையில் இவர்களுக்கும் எழுதிச் செல்கிறார். அழுகையும் இல்லை, அதிசயக் கூச்சலும் இல்லை. ஓரிடத்தில் மட்டும், பார்வையற்றவர்களில் மந்தபுத்தியுடையோரைக் காண்பது அரிது என்ற பொருளில் எழுதிவிடுகிறார். அதை நான் ஒப்பமாட்டேன். கண்ணுடையோரில் அறிவாளியும் உண்டு, அறிவிலியும் உண்டு, கண்ணில்லாதோரிலும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே புகழைச் சூட்டுவதும் ஆளைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழியே. நூலில் இடம்பெற்றவர்களும் ஏட்டறிவு பெற்றோர்தாம். சாயத்தொட்டியில் நின்ற செவிடர், கூடை முடைந்த முடவர் இவர்களை எந்த ஸஃபதீயும் எழுதவில்லை.

செவிடர் என்றதும் இஸ்தன்பூல் அரண்மனை நினைவுக்கு வருகிறது. உதுமானிய ஸுல்தான்கள் 15ஆம் நூற்றாண்டு முதலே கேளாத, பேசாத மக்களைப் பணியில் வைத்திருந்தார்கள். ஸுல்தானின் முன்னிலையில் வாய்விட்டுப் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட அவை அது. இவர்களோ தமக்குள் சைகை மொழியில் கதைகள், செய்திகள், நுண்ணிய கருத்துகள் என எதையும் பரிமாறிக் கொண்டார்கள். விளைவு, காது கேட்கும் பணியாளர்கள் இவர்களிடம் சைகை மொழியைக் கற்கத் தொடங்கினார்கள். ஸுல்தான்களும் கற்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஐரோப்பியத் தூதர்கள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். உலகின் பிற இடங்களில் கேளாதவர் கேட்பவரின் மொழிக்குத் திண்டாடிக் கொண்டிருக்க, இங்கே கேட்பவர் கேளாதவரின் மாணவரானார். இரகசியம் காப்பார்கள் என்பதற்காக இம்மக்களைத் தூக்குக் கயிற்றுக்குரிய கொடுஞ்செயல்களுக்கும் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திறனைக் கண்டுகொள்வது வேறு. அதை நல்லதற்குப் பயன்படுத்துவது வேறு.

இனிக் கெய்ரோவின் அல்அஸ்ஹருக்கு வருவோம். அங்கே 18ஆம் நூற்றாண்டில் பார்வையற்ற மாணவர்களுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் எழுந்தது. 1830களில் எகிப்தில் தங்கிய ஆங்கிலேயர் லேன், அதில் ஏறத்தாழ 300 பார்வையற்றோர் இருந்ததாகவும், அவர்களுள் பெரும்பாலோர் மாணவர்கள் என்றும், வக்ஃபு வருமானத்தில் அவர்களுக்கு உணவு வழங்கப்பட்டது என்றும் எழுதினார். அக்கால உலகில் இதற்கு இணையான கல்வி வாய்ப்பு அரிதிலும் அரிது.

ஆயினும் இங்கேதான் ஒரு கோணல் புகுந்தது. பார்வையற்ற பிள்ளை என்றால் குர்ஆன் மனனம், மனனம் முடிந்தால் மரணவீட்டு ஓதல் என்று பாதை உறைந்துவிட்டது. திறனைக் கண்டு கொடுத்த இடம் நாளடைவில் அடைத்து வைக்கும் இடமாயிற்று. அந்தப் பாதையிலேயே இமயம் தொட்டவர்களும் உண்டு. குழந்தைப் பருவத்தில் கண் இழந்த ஷெய்கு முஹம்மது ரிஃபஅத்தின் ஓதலோடுதான் 1934 மே 31ஆம் நாள் எகிப்திய வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் குரல் வளம் வாய்க்குமா? எல்லாப் பிள்ளையும் அதை விரும்புமா?

என் இளமையில் எங்கள் தெருவில் பார்வையற்ற ஹாபிழ் ஒருவர் இருந்தார். கத்தம் ஓதக் கூப்பிடுவோம், ஓதுவார், சாப்பாடு போட்டுக் கையில் பணம் வைத்து, ஒரு சிறுவனைத் துணைக்கு அனுப்பி வைப்போம். பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு குடும்பத்தில் பாகப் பிரிவினை பற்றித் தகராறு வந்தபோது, பழைய திருமணம் ஒன்று நடந்த ஆண்டு தெரியாமல் ஜமாஅத்துப் பதிவேடுகளை வாரக்கணக்கில் தேடினார்கள். கிடைக்கவில்லை. தெருவில் நடந்த ஒவ்வொரு நிக்காஹும் ஒவ்வொரு மையத்தும் எந்தப் பிறையில் என்று அந்த ஹாபிழ் சாஹிபுக்குத் தெரியும் என்பது, அவர் வஃபாத்தான பின் அவர் மகள் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. தேடிய நாட்களில் அவர் தம் திண்ணையில்தான் இருந்தார். கேட்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அந்த உறைந்த பாதையை உடைத்தவர் தாஹா ஹுஸைன். 1889இல் மேல் எகிப்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். மூன்று வயதளவில் கண்நோய் வந்தது. ஊர் நாவிதரின் மருத்துவம் பார்வையைக் கொண்டுபோயிற்று. குர்ஆனை மனனம் செய்தார். 1902இல் அல்அஸ்ஹருக்கு வந்தார். சேர்க்கைத் தேர்வின்போது தேர்வாளர் அவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் குருடரே என்று அழைத்தாராம். ஓதி முடித்ததும் அதே சொல்லால் போகச் சொன்னாராம். அச்சிறுவனின் நெஞ்சில் அது ஆறாத புண்ணாகியதை ‘அல்அய்யாம்’ என்னும் தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அழைத்தவருக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. அது அங்கே அன்றாட வழக்கு. முந்நூறு பேருக்கு இடம் தந்த கல்விக்கூடத்தில் ஒருவனுடைய பெயருக்கு இடமில்லாமல் போயிற்று.

1908இல் கெய்ரோவில் புதிய பல்கலைக்கழகம் திறந்ததும் அங்கே சேர்ந்தார். 1914இல் அது வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அவருடையது. ஆய்வுக்கு அவர் எடுத்துக் கொண்டது, பார்வையற்ற கவிஞர் அபுல் அலா மஅர்ரீயை. பின்பு பிரான்ஸ் சென்று ஸோர்போனில் இப்னு கல்தூனைப் பற்றி ஆய்வு செய்தார். அங்கே அவருக்கு நூல்களை வாசித்துக் காட்ட வந்த ஸூஸான் என்னும் மங்கை 1917இல் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். வாசிப்பது அவர் குரல், எண்ணுவது இவர் நெஞ்சம் என்று ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இல்லறம் நடந்தது. அறியாமைக்கால அரபுக் கவிதை பற்றி 1926இல் அவர் வெளியிட்ட கருத்துகள் பெரும்புயலைக் கிளப்பின. அவற்றை நான் இங்கே ஆதரிக்க வரவில்லை. அவரை எதிர்த்தவர்களில் நல்லறிஞர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் ஒன்று. அந்த எதிர்ப்பும் ஒருவகை மதிப்புத்தான். “பாவம், கண்ணில்லாதவர்” என்று ஒதுக்காமல், அவருடைய வாதத்தோடு வாதமாக நேருக்கு நேர் நின்றார்கள்.

1942இல் அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். 1950 ஜனவரியில் எகிப்தின் கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்று, 1952 ஜனவரி வரை இருந்தார். தொடக்கப் பள்ளியோடு நின்றிருந்த இலவசக் கல்வியை உயர்நிலைப் பள்ளிக்கும் விரிவாக்கினார். தண்ணீரைப் போலவும் காற்றைப் போலவும் கல்வி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் ஓயாமல் சொல்லிவந்த கருத்து. அமைச்சரின் கோப்புகளை ஒருவர் வாசித்தார்; அமைச்சர் கேட்டார்; முடிவைச் சொன்னார்; மற்றொருவர் எழுதினார். விடிந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் பாங்கு சொன்ன அந்த மதீனத்து ஏற்பாட்டுக்கும் இதற்கும் முறையில் வேற்றுமை இல்லை.

தாஹா ஹுஸைன் 1973 அக்டோபர் 28ஆம் நாள் கெய்ரோவில் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைக்கான தன் பரிசைப் பெற்றோரின் பட்டியலை வாசித்தபோது, அதில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்.